அகற்ற வேண்டிய களைகள்

படிவத்தில் ஏழு பெட்டி.
குளத்தின் பெயர்: ஈச்சமுறிப்பு.
துருசு: ஒன்று, உடைந்தது.
ஏழாவது பெட்டி: அகற்ற வேண்டிய களைகள்,
அவற்றின் பயன்பாடு (இருப்பின்).

ஆடி கழிகிறது.
மல்லாவிப் பக்கத்துக் குளமெல்லாம் வெடித்துக் கிடக்க
இங்கே நடுக்குழியில் மட்டும்
எருமை முதுகளவு தண்ணீர்.
அதன் மேல் ஓரம் நெளிந்த இலைகள் மல்லாந்திருக்க,
ஒரு சாண் எழும்பி நிற்கிறது
திரிபோல ஒற்றைப் பூ.
வெள்ளை என்று எழுத முடியாது.
சொட்டுநீலம் கூடிப்போன
பள்ளிக்கூடச் சட்டையின் நிறம்.

கந்தோரில் தந்த கையேடு இதை
அப்பொனோகெட்டன் என்கிறது.
மூன்று தரம் சொல்லிப் பார்த்தேன்,
மூன்று தரமும் நாக்கு வேறுவேறு இடத்தில் இடறியது.
பேரினத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட உறவுகளாம்.
மடகஸ்காரில் ஒன்றுக்கு
இலையில் சதையே இல்லை, நரம்பு மட்டும், வலைபோல.
கொழும்பில் மீன்தொட்டிக்காரர்
கிழங்கோடு பொலித்தீனில் போட்டு விற்கிறார்கள்.
இங்கே விலையில்லை.
தோண்டினால் உண்டு, அவ்வளவுதான்.

பெக்கோக்காரன் உபுல், மதவாச்சிப் பக்கம்.
என் சிங்களத்தையும் அவன் தமிழையும் கூட்டினால்
ஒரு முழு வசனம் தேறும்.
எஞ்சினை நிற்பாட்டிவிட்டு இறங்கினான்.
காற்சட்டையைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நடந்து
ஒரு தண்டைப் பிடுங்கிக் கடித்தான்.
‘கெகட்டிய’ என்றான், முகமெல்லாம் வீடு.
அம்மா தேங்காய்ப்பாலில் வைப்பாவாம்,
கருவாடு கிள்ளிப்போட்டு.

தண்டையா?
நாங்கள் தண்டை எறிந்துவிட்டுக் கிழங்கைத் தின்னுகிற ஆட்கள்.
முழங்கை வரை கையை விட்டு ஒன்றைக் கிளப்பிக் காட்டினேன்.
பாக்களவு. கறுப்பு. மயிர்.
‘உங்கட ஆக்கள் என்ன சொல்றது?’

‘கொட்டி.’

கடித்த தண்டு வாயில் நின்றது.
ஒரு கணம்தான்.
அவன் கண்கள் என் தோளைத் தாண்டி
வீரைக்காட்டு ஓரம் வரை போய் வந்தன.
அவன் மொழியில் அந்தச் சொல்லுக்கு
நாலு கால், உடம்பெல்லாம் வரி.

ஓமந்தைச் சாவடியில், சமாதானக் காலத்தில்,
பிள்ளைத்தாச்சி மகள் கேட்டாளென்று
உமல் நிறையக் கொண்டுபோன கமலாசனியக்கா
என்ன இது என்றவனுக்கு உள்ளதைச் சொன்னா.
அன்று பொழுதுபடும் வரை
ஒரு வாங்கில் இருத்திவைத்திருந்தார்கள்.
கிழங்குகள் மேசையில்,
வரிசையாக,
எண்ணப்பட்டு.
திரும்பி வந்து சொன்னா:
‘இனிக் கேட்டால் மரவள்ளி எண்டு சொல்லுங்கோ.’

அது நினைவில் வர, அவசரமாகச் சேர்த்தேன்:
‘அல, அல. கொட்டி அல.’
அல என்றால் அவனுக்குக் கிழங்கு.
எனக்கோ அது
‘அவை அல்ல’ என்றும் கேட்டது.
என்ன சொன்னேன் என்று
எனக்கே சந்தேகம் வந்தபோது
அவன் சிரித்தான்.
தண்டின் நார் பல்லில் தொங்கச் சிரித்தான்.
பிறகு நானும்.

சிரித்துவிட்டு ஏறி எஞ்சினைக் கிளப்பினான்.
ஒப்பந்தத்தில் நடுக்குழியும் உண்டு,
ஆழம் ஒன்றரை மீற்றர்.
முதல் வாளியிலேயே
பூவும் இலையும் தண்ணீரும் சேர்ந்து அணைக்கட்டில் விழுந்தன.
பள்ளி விட்ட பெடியள் மண்ணைக் கிளறினார்கள்;
ஒருத்தன் தொப்பியில் நிரப்பினான்.
உபுல் சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவித்
தண்டுகளை மடித்து வைத்தான்.
மூடி பூட்டவில்லை.

ஏழாவது பெட்டியில் எழுதினேன்:
கொட்டி. பயன்பாடு:
தண்டு அவர்களுக்கு, கிழங்கு எங்களுக்கு.

மூன்று மணிக்கு வந்த பொறியியலாளர்
ஒரு கோடு இழுத்து வெட்டிவிட்டு
‘இல்லை’ என்று போட்டார்.
படிவத்தின் மூலையில்
என் பெருவிரல், சேற்றில், தெளிவாகப் பதிந்திருந்தது.
அதை அவர் ஒன்றும் செய்யவில்லை.

மாரிக்கு ஒருமுறை வரவேண்டும்.
வாளிப்பல்லுக்கு எத்தனை தப்பியதென்று
தண்ணீர்தான் சொல்ல வேண்டும்.